ஈரக் குப்பையும் எரிவாயுவும்: வாக்குறுதியும் கணக்கும்

“குப்பையைக் கொடுங்கள், எரிவாயு தருகிறோம்” என்னும் வாக்குறுதியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் பிளாஸ்டிக் டிரம்மும் ரப்பர்க் குழாயும் வைத்து மாணவர்கள் இதனை விளக்கக் கண்டிருப்பீர்கள். பழைய சோறும் காய்கறித் தோலும் வாழை இலையும் அடுப்பில் நீலச் சுடராய் எரிகின்றன என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இராது? அந்தச் சுடர் உண்மையானதே, அதில் ஐயமில்லை. ஆனால் அது எவ்வளவு நேரம் எரியும் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

அந்தக் கேள்வியை இங்கே கேட்டுப் பார்ப்போம். கணக்கிட ஓர் ஊர் வேண்டும். காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடிக்குச் செல்லும் சாலையில் அமைந்த கோட்டுச்சேரியை எடுத்துக்கொள்வோம். ஒரு புறம் காவிரிக் கடைமடையின் நெல் வயல்கள். மறுபுறம் கடலோரத்தில் கோட்டுச்சேரிமேடு மீனவர் குடியிருப்பு. ஊராட்சி நிர்வாகம் கொம்யூன் பஞ்சாயத்தின் கையில். பெரிய மாநகராட்சி ஒரு திட்டத்தில் சில கோடிகளை இழந்தாலும் மீண்டும் எழுந்துவிடும். கோட்டுச்சேரி போன்ற ஊருக்கு அந்த வசதி இல்லை. தவறான கலன் ஒன்று அமைந்து துருப்பிடித்து நின்றால், பணத்தோடு மக்களின் நம்பிக்கையும் போய்விடும். ஆகவே இங்கே கணக்கு மிகவும் தேவை.

ஏன் எரிக்கக் கூடாது?

முதலில் ஒரு சிறு ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். குப்பையில் ஆற்றல் இருக்கிறதென்றால் அதை நேரே எரித்து வெப்பத்தைப் பெறலாமே?

சமையலறைக் கழிவில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு நீர். ஒரு கிலோ கழிவில் உலர்ந்த பொருள் கால் கிலோதான். அதனை எரித்தால் ஏறத்தாழ 1,000 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும். மீதி முக்கால் கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்கவே 450 கிலோ கலோரிக்கு மேல் செலவாகிவிடும். வரவில் ஏறக்குறைய பாதி, நீரை விரட்டுவதிலேயே போய்விடுகிறது.

வாய்க்கால்களை அடைத்து நிற்கும் ஆகாயத்தாமரையை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர். ஒரு கிலோவிலிருந்து 400 கிலோ கலோரி கிடைக்குமானால், அதன் நீரை ஆவியாக்க 550 கிலோ கலோரி வேண்டும். வரவை மிஞ்சிய செலவு! ஈரக் குப்பையை எரிக்கும் உலையில் வேறு எரிபொருளையும் ஊற்றவேண்டி வருவது இதனால்தான்.

நுண்ணுயிரிகளுக்கோ இந்த ஈரம் தடையன்று; அவை வாழும் இடமே அதுதான். காற்றுப் புகாத கலத்தில் அவை நான்கு படிகளில் வேலை செய்கின்றன. முதற்படியில் மாவுப்பொருள், புரதம், கொழுப்பு ஆகிய பெரிய மூலக்கூறுகள் உடைந்து நீரில் கரைகின்றன. இரண்டாம் படியில் அவை அமிலங்களாகின்றன. மூன்றாம் படியில் அந்த அமிலங்கள் அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் கரியமில வாயுவாகவும் மாறுகின்றன. நான்காம் படியில் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் வந்து வேலையை முடிக்கின்றன. வெளிவரும் வாயுவில் மீத்தேன் 55 முதல் 60 விழுக்காடு. எஞ்சியது பெரும்பாலும் கரியமில வாயு. சிறிதளவு ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதே.

வட இந்தியக் குளிர்காலத்தில் கலம் குளிர்ந்து வாயு உற்பத்தி குன்றிவிடும். நம் கடற்கரையின் வெப்பத்தில் அந்தக் கவலை இல்லை. இயற்கை இலவசமாய்த் தரும் உதவி இது.

ஒரு வீட்டின் கணக்கு

நான்கைந்து பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு ஒரு கிலோ ஈரக் கழிவு சேரும் என்று கொள்வோம். அதிலிருந்து கிடைக்கும் வாயு சுமார் 100 லிட்டர், அதாவது ஒரு கன மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. சிறிய அடுப்பு ஒன்று மணிக்கு 220 லிட்டர் அளவில் வாயுவை எரிக்கும். ஆகவே சுடர் அரை மணி நேரம்கூட நில்லாது. காலைக் காப்பியும் ஒரு வேளைச் சோறும் ஆகும். குழம்புக்கு வேறு அடுப்புத்தான்!

மாதக் கணக்கில் பார்ப்போம். 30 நாளில் 3 கன மீட்டர் வாயு. ஒரு கன மீட்டர் சாண எரிவாயு சுமார் 450 கிராம் சமையல் எரிவாயுவுக்குச் சமம். எனவே மாதம் முழுதும் சேர்வது 1.35 கிலோ. கடையிலிருந்து வரும் சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கிறது. வீட்டுக் கழிவு தருவது அதில் பத்தில் ஒரு பங்கு.

மாடுள்ள வீட்டின் கணக்கு வேறு. 25 கிலோ சாணம் ஒரு கன மீட்டர் வாயு தரும். நாலு மாடு கட்டிய வீட்டில் சமையல் முழுவதையும் சாண எரிவாயுவிலேயே முடித்துக்கொள்ள இயலும். மாட்டுக் கொட்டிலுக்குப் பொருந்திய கணக்கை மாடில்லாத வீட்டின் சமையலறைக்கு அப்படியே பொருத்திப் பேசுவதே இத்துறையில் நிகழும் முதல் பிழை.

இப்போது கணக்கை மாவட்ட அளவுக்கு விரிப்போம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்டத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 2 லட்சம். தலைக்குக் கால் கிலோ என்றால் நாளொன்றுக்கு 50 டன் ஈரக் கழிவு. அதிலிருந்து 5,000 கன மீட்டர் வாயு கிடைக்கும். திருமலைராயன்பட்டினத்தை அடுத்த எரிவாயு மின்நிலையத்தின் திறன் 32.5 மெகாவாட். அது முழுத்திறனில் ஒரு நாள் ஓட இந்த வாயுவையே நம்பியிருந்தால் எவ்வளவு கழிவு வேண்டும் தெரியுமா? ஒரு கன மீட்டருக்கு 2 யூனிட் மின்சாரம் என்று தாராளமாகக் கொண்டாலும் 3,900 டன் வேண்டும். நம்மிடம் இருப்பதோ 50 டன். மாவட்டத்தின் சமையலறைகள் அனைத்தும் சேர்ந்தாலும் அந்த ஒரு மின்நிலையத்தை இருபது நிமிடம் ஓட்டுவதே கடினம்.

இதனைக் கண்டு “அப்படியானால் இது பயனற்ற வேலை” என்று புத்தகத்தை மூடிவிடாதீர்கள். அதே 50 டன் தெருவோரத்தில் அழுகினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குவியலின் அடியில் காற்றுப் புகாத இடத்தில் இதே மீத்தேன்தான் உண்டாகி, யாருக்கும் பயன்படாமல் வானிற்குச் செல்கிறது. நூறாண்டுக் கணக்கில் புவியை வெப்பமாக்கும் ஆற்றல், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட மீத்தேனுக்கு ஏறத்தாழ 28 மடங்கு. ஈயும் கொசுவும் நாற்றமும் நிலத்தடி நீரில் இறங்கும் கசிவும் இதற்கு மேல்.

ஆகவே அளவுகோலை மாற்ற வேண்டும். ஈரக் குப்பைக் கலனை எரிபொருள் தொழிற்சாலை என்று எண்ணி அளந்தால் அது ஏமாற்றமே தரும். ஊரின் துப்புரவுக்கும் வயலின் உரத்துக்கும் உரிய சாதனம் என்று அளந்தால் அது தன் செலவை நியாயப்படுத்தும். வாயு அதன் உபரி வருமானம். திட்டங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்வதுதான் நமது முதன்மையான குறை.

பழைய பாடங்கள்

இந்தியாவுக்கு இந்தத் துறை புதிதன்று. பம்பாயின் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897-ஆம் ஆண்டிலேயே கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கேற்றினர். 1950-களில் ஜஷ்பாய் படேல் உருவாக்கிய மிதக்கும் மூடிக் கலனைப் பின்னர்க் காதி கிராமத் தொழில் ஆணையம் நாடெங்கும் பரப்பியது. 1981-82-இல் தேசிய சாண எரிவாயு வளர்ச்சித் திட்டம் வந்தது. அதன் பிறகு அமைக்கப்பட்ட குடும்பக் கலன்களின் எண்ணிக்கை 50 லட்சத்தை நெருங்கியது.

எண்ணிக்கை பெரியது. ஆயினும் “எத்தனை கலன் கட்டினோம்” என்று எண்ணியவர்கள் “எத்தனை கலன் இன்றும் எரிகிறது” என்று அதே அக்கறையுடன் எண்ணவில்லை. மானியம் கட்டுவதற்குக் கிடைத்தது. பழுது பார்க்க ஆள் கிடைக்கவில்லை. மாட்டை விற்ற வீட்டில் கலன் வெறுங்குழியாயிற்று.

இதில் நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய ஊர் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்திலுள்ள பூரா. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அமுல்ய ரெட்டியும் அவருடைய குழுவினரும் அங்கே ஊர்ப் பொதுவான சாண எரிவாயுக் கலனை அமைத்தனர். முதலில் எல்லா வீட்டுக்கும் சமையல் எரிவாயு தருவதே நோக்கம். ஊரின் சாணம் அதற்குப் போதவில்லை, திட்டம் நின்றது. அவர்கள் கலனைக் குறை சொல்லவில்லை, கேள்வியை மாற்றினர். உள்ள வாயுவைக் கொண்டு இயந்திரத்தை ஓட்டி, ஊருக்குக் குழாய்த் தண்ணீரும் மின்விளக்கும் தருவது என்று 1987-இல் முடிவாயிற்று. சாணம் கொண்டுவந்தவருக்கு எடை போட்டுக் கூலி உண்டு. வாயு எடுத்தபின் மிஞ்சும் கரைசல் உரமாக அவரவர் பங்குக்குத் திரும்பிவிடும். உரத்தை இழக்கிறோம் என்ற குறை யாருக்கும் இல்லை. வீட்டு வாசலில் தண்ணீர் வந்ததால் கலனைக் காப்பதில் ஊரே அக்கறை கொண்டது. இருக்கும் பொருளை முதலில் அளந்து, அந்த அளவுக்கு ஏற்ற வேலையைத் தேர்ந்ததே இதன் வெற்றி.

பெரிய ஆலைகளின் அனுபவம்

இதற்கு மாறான உதாரணம் லக்னோ. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அங்கே நகரக் குப்பையிலிருந்து 5 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் ஆலை எழுந்தது. வந்து சேர்ந்ததோ தரம் பிரிக்கப்படாத குப்பை. மண்ணும் கல்லும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்தச் சரக்கை நுண்ணுயிரிகள் என்ன செய்யும்? ஆலை நின்றது. இங்கே தோற்றது வேதியியல் அன்று, குப்பைத் தொட்டி.

இந்தூரில் 2022 பிப்ரவரியில் தொடங்கிய ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவை ஏற்று, 17,000 கிலோ அளவில் வாகன எரிவாயு தருமாறு அமைக்கப்பட்டது. அந்நகரில் வீட்டு வாசலிலேயே குப்பை தரம் பிரிக்கப்பட்டு வருகிறது என்பதே அதன் அடித்தளம். மேற்கண்ட எண்களை வகுத்துப் பாருங்கள். கிலோவுக்கு ஏறத்தாழ 31 கிராம் எரிவாயு. நம் வீட்டுக் கணக்கில் கிலோவுக்கு 45 கிராம் சமையல் எரிவாயுவுக்கு ஈடானது கிடைத்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இல்லை. ஆலை பெரிதாவதால் குப்பைக்குள் புதிய ஆற்றல் பிறந்துவிடுவதில்லை.

நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் தயாரான அழுத்தப்பட்ட எரிவாயு 2020-இல் வாகனங்களுக்கு விற்பனைக்கு வந்தது. அந்த வட்டாரத்தில் கோழிப் பண்ணைகளும் கரும்பாலைகளும் உள்ளன. ஒரே வகைக் கழிவு ஒரே இடத்தில் ஆண்டு முழுதும் கிடைக்கிறது. அந்த வசதி எல்லா மாவட்டத்துக்கும் இல்லை. 2018 அக்டோபரில் மைய அரசு அறிவித்த திட்டம், 2023-க்குள் இத்தகைய ஆலைகள் 5,000 எழும் என்றது. குறித்த ஆண்டு முடிந்தபோது இலக்கில் நூற்றில் ஐந்து பங்குகூட நிறைவேறியிருக்கவில்லை. சரக்கு எங்கிருந்து வரும், கரைசலை யார் வாங்குவர் என்னும் கேள்விகளைத் தீர்க்காமல் ஆலைகளின் எண்ணிக்கையை மட்டும் அறிவிப்பதன் விளைவு இது.

எண்ணெயும் பிளாஸ்டிக்கும்

வாயுவோடு நில்லாமல் ஈரக் கழிவிலிருந்து எண்ணெயும் பிளாஸ்டிக்கும் செய்யலாம் என்னும் செய்திகளையும் நீங்கள் படித்திருப்பீர்கள். அவையும் பொய்யல்ல. கழிவை உலர்த்தாமலே 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, வளிமண்டலத்தைப் போல் நூறு, இருநூறு மடங்கு அழுத்தத்தில் வைத்தால், அந்த நீரே வேதிவினைக்குத் துணையாகிக் கரிய எண்ணெயைப் பிரித்துத் தருகிறது. பூமிக்கடியில் நெடுங்காலம் நடக்கும் வேலை சில நிமிடங்களில் முடிகிறது. ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்கும் எஃகுக் கலமும், சேற்றை உள்ளே தள்ளும் பம்பும் விலை மிக்கவை. கிடைக்கும் எண்ணெயிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் நீக்க மேலும் சுத்திகரிக்க வேண்டும். மிஞ்சும் அழுக்கு நீருக்கும் வழி காண வேண்டும்.

பிளாஸ்டிக்கின் கதையும் இத்தகையதே. நொதித்தலை மூன்றாம் படிக்கு முன்பே நிறுத்திவிட்டால் மீத்தேனுக்குப் பதில் அமிலங்கள் கிடைக்கும். சிலவகைப் பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று, நாம் கொழுப்பைச் சேர்ப்பதுபோல், தம் உடலுக்குள் ஒருவகைப் பாலியெஸ்டரைச் சேர்த்துக்கொள்கின்றன. பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் லெமோய்ன் 1926-இலேயே இதனைக் கண்டறிந்தார். மண்ணில் மக்கக்கூடிய பிளாஸ்டிக் இது. ஏறத்தாழ நூறாண்டாகியும் பெட்ரோலியப் பிளாஸ்டிக்கைவிட விலை கூடுதலாகவே இருக்கிறது. இவை ஆய்வுக்கூடங்களும் பெருந்தொழில் நகரங்களும் முயல வேண்டியவை. கொம்யூன் பஞ்சாயத்தின் வரவு செலவுத் திட்டத்தில் இவற்றைச் சேர்க்கச் சொல்பவர் ஊருக்கு நன்மை செய்தவராகார்.

கோட்டுச்சேரிக்கு எது பொருந்தும்?

கடலோர ஊருக்கென்று சில தனி இடர்கள் உண்டு. உப்புக் காற்றில் இரும்பு மூடி விரைவில் துருப்பிடிக்கும். கண்ணாடியிழை மூடியே தகும். கடைமடையில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். ஆழக் குழி தோண்டிக் கட்டிய கலனில் சிறு விரிசல் கண்டாலும் நீர் உட்புகும். கலன் காலியாக இருக்கும்போது அடிநீர் அதனை மேலே தூக்கவும் கூடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெள்ளம் கலனுக்குள் இறங்கினால் கரைசல் நீர்த்துப்போய் வாயு நின்றுவிடும். ஆகவே தரைமட்டத்துக்கு மேலெழுந்த கலனே இங்கே ஏற்றது. மேட்டு நிலத்துக்கென வரைந்த ஒரே வரைபடத்தை எல்லா ஊருக்கும் அனுப்பும் அதிகாரிகள் இதனைக் கருத வேண்டும்.

சரக்கிலும் கவனம் வேண்டும். மீன் கழிவில் புரதம் மிகுதி. அதனை மட்டும் கலத்தில் இட்டால் அம்மோனியா பெருகி, மீத்தேன் தரும் நுண்ணுயிரிகளை நலிவிக்கும். பழைய சோற்றை மட்டும் அள்ளிக் கொட்டினால் அமிலம் பெருகிக் கலன் புளித்துப்போகும். சாணத்தை அடிப்படையாக வைத்து, காய்கறிக் கழிவும் சோறும் மீன் கழிவும் அளவோடு கலந்தால் கரிக்கும் நைட்ரஜனுக்கும் இடையே பொருத்தமான விகிதம் அமையும். உழவரும் மீனவரும் அருகருகே வாழும் ஊரில் இந்தக் கலவை எளிது.

வீட்டுக்கு வீடு கலன் வைப்பதைவிட, உணவகம், கல்யாண மண்டபம், பள்ளிச் சத்துணவுக்கூடம், மீன் விற்பனை இடம் போன்று கழிவு ஓரிடத்தில் சேரும் இடங்களில் தொடங்குவது நல்லது. வாயுவை அங்கேயே அடுப்பில் எரித்துவிட வேண்டும். மின்சாரமாக்கினால் முக்கால் பங்கு வெப்பம் வீணாகும்.

கரைசலை மறந்துவிடாதீர்கள். வாயுவாக வெளியேறுவது பெரும்பாலும் கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகிய பயிர்ச் சத்துகள் ஏறக்குறைய முழுதும் கரைசலிலேயே தங்கிவிடுகின்றன. சம்பா வயலுக்கு அது நேரே போய்ச் சேர்ந்தால் வாயுவின் வருமானத்தோடு இன்னொரு வருமானமும் சேரும். சாக்கடையில் விட்டால் திட்டத்தின் பாதிப் பயன் சாக்கடையில் போயிற்று என்றே பொருள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காவிரிப் படுகை மக்களுக்கு மீத்தேன் என்னும் சொல்லே அச்சம் தருவது. மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க வகுத்த திட்டத்தை உழவர்கள் கடுமையாக எதிர்த்தனர். 2020-இல் தமிழ்நாட்டு அரசு டெல்டாப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் செய்தது. மூலக்கூறு ஒன்றேயாயினும் இரண்டும் வேறு. அங்கே மண்ணைத் துளைத்து, நிலத்தடி நீரை வெளியேற்றி எடுப்பது. இங்கே மேலே கிடக்கும் கழிவிலிருந்து எடுத்து, சத்தை மண்ணுக்கே திருப்புவது. இந்த வேறுபாட்டை மக்களிடம் விளக்காமல் கலனை மட்டும் கொண்டுவந்து இறக்கினால் அவர்கள் ஐயுறுவது இயல்பே.

நீங்கள் செய்யக்கூடியது

மாணவர்களே, கண்காட்சியில் வைக்க இன்னொரு டிரம் செய்வதற்கு முன் ஒரு தராசை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலோ விடுதியிலோ ஏழு நாள் சேரும் ஈரக் கழிவை எடை போட்டுக் குறித்து வாருங்கள். கிலோவுக்கு 100 லிட்டர் என்று பெருக்கி, எத்தனை நிமிடம் அடுப்பெரியும் என்று கண்டறியுங்கள். கலவையில் பிளாஸ்டிக் எவ்வளவு கிடந்தது என்பதையும் எழுதுங்கள். உங்கள் ஊருக்கு ஒரு திட்டம் வரும்போது அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு கேள்விகள் கேளுங்கள். சரக்கு நாள்தோறும் எவ்வளவு, அதனைத் தரம் பிரிப்பவர் யார்? வாயுவை எரிக்கும் அடுப்பு எங்கே உள்ளது? கரைசலை எடுத்துக்கொள்ளும் வயல் யாருடையது? மூன்றாம் ஆண்டில் குழாய் கசிந்தால் பழுது பார்க்க வருபவர் யார், அவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து?

இந்நான்குக்கும் விடை உள்ள கலன் சிறியதாயினும் எரியும். விடையில்லாத ஆலை எவ்வளவு பெரியதாயினும் திறப்பு விழாவன்று மட்டுமே எரியும்.